தெங்கின் ஆடை

சென்ற ஆண்டின் இறுதிப் பருவத்தில் ஒரு நாள் மாலை, நம் கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவர் கடையில் வாங்கிய பழச்சாற்றுக் குப்பியொன்றைத் திறந்து எம் நடுவே வைத்தார். சாற்றினுள்ளே பளிங்குத் துண்டுகளைப் போன்ற சிறு சதுரங்கள் மிதந்தன. வாயிலிட்டால் கரையாமலும், பல்லுக்கு எளிதில் இணங்காமலும், மெல்ல மெல்லத் தன்னகத்துள்ள இனிப்பு நீரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் அப்பொருள் யாதென்று ஒருவரையொருவர் வினவினர். "முற்றின நுங்கு" என்றார் ஒருவர். "கடற்பாசியைக் காய்ச்சி உறைய வைத்தது" என்றார் மற்றொருவர். குப்பியின்மேல் 'நாத்தா தே கோக்கோ' என்று எழுதியிருந்ததைப் படித்த மூன்றாமவர், அஃது ஏதோ மேனாட்டு மருந்தின் பெயர் என்று முடிவு கட்டினார். யாம் சிறிது நேரம் வாளா இருந்தோம். அதற்கு முந்திய கோடை விடுமுறையில் எம் வீட்டுக் கூடத்தில் எம் கைகளாலேயே அதனை உண்டாக்கியிருந்தோம் என்பதை அவர்கள் அறியார். அன்று நண்பர்க்குச் சொல்லிய அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம் ஊர் கோடியக்கரை. சோழநாட்டுக் கடற்கரை தெற்கு நோக்கி வந்து மேற்கே திரும்பும் மூலையில் உள்ளது அது. வடக்கே காவிரி நீர் பாயும் வயல்களில் நெல் விளையும். எம் பக்கத்திலோ மணலும், உப்பளமும், காடுமே மிகுதி. 1967-ஆம் ஆண்டில் அக்காடு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடமாக்கப்பட்டது. வெளிமானைக் காணவும், பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளைக் காணவும் வெளியூரார் பலர் வருவர். 1930-ஆம் ஆண்டில் இராசாசி அவர்கள் திருச்சிராப்பள்ளியினின்று தொண்டர் படையுடன் நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரணியம் எமக்கு அண்மையிலுள்ள பட்டினம். வருவோர் கண்டு செல்வன இவை. எம்மனோர் வயிற்றுக்கு உதவுவன மீனும், உப்பும், தென்னையும் ஆம்.

எம் தந்தையாருக்குக் கோடியக்காட்டின் மருங்கில் பாட்டனார் வைத்துச் சென்ற சிறு தோப்பு ஒன்று உண்டு. அதில் 62 தென்னைகள் நின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், யானை என்று பொருள்படும் 'கஜா' என்னும் பெயர் தாங்கிய புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. அப்பொழுது யாம் சிறுபிள்ளைகள். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் ஊராருடன் ஒதுங்கியிருந்து, மறுநாள் தந்தையாரோடு தோப்பைக் காணச் சென்றோம். வழியெல்லாம் மரங்கள் குறுக்கே கிடந்தன. தோப்பில் நின்றவை ஐந்து. மற்றவை சில வேரோடு சாய்ந்தும், சில நடுவில் முறிந்தும், எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து, அதன் குரும்பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இவ்வாறு வீழ்ந்த தென்னைகள் இலக்கக் கணக்கின.

அடுத்த ஆண்டு, எம் அப்பாயியின் வற்புறுத்தலால் 40 கன்றுகள் நடப்பட்டன. "இவை உங்களுக்கு, எனக்கல்ல" என்று தந்தையார் எம்மிடம் கூறினார். நட்டதற்கு நீர் வார்த்தாரேயன்றி, அதன்பின் தோப்பைப் பற்றி அவர் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லக் கேட்டிலோம். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அவ்விடைக்காலத்தே, இறால் வளர்ப்போர் ஒருவர் தோப்பை விலைக்குக் கேட்டு வந்தார். மரங்களை அகற்றிக் குட்டை வெட்டி உப்புநீரை நிறுத்துவது அவர் எண்ணம். ஒருமுறை உப்புநீர் நின்ற நிலம் மீண்டும் தோப்பாவது அரிது என்பதைத் தந்தையார் நன்கறிவார். ஆயினும் எம் கல்லூரிச் சம்பளமும், தங்கையின் பள்ளிச் செலவும் அவர் கண்முன் நின்றன. யாம் கோடை விடுமுறைக்கு ஊர் சென்றபொழுது, விடுமுறை முடியுமுன் விடை சொல்வதாக அவர் தவணை கூறியிருந்தார்.

இந்நிலையிற்றான் எம் சித்தி கேரள நாட்டிலிருந்து திரும்பினார். அவர் தம் ஊர்ப் பெண்களின் சுய உதவிக் குழுவில் ஒருவர். ஆலுவாவை அடுத்த வாழக்குளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் தொழில்நுட்ப நிலையத்தில் சில நாள் பயிற்சி பெற்றுவந்தார். அவர் கையிலிருந்த துணிப்பையில், வாய் துணியால் கட்டப்பட்ட ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. உள்ளே கலங்கலான நீர். அதன்மேல் வெண்மையான ஏடு. அதற்குத் 'தாய்நீர்' என்று பெயர் கூறினார். அப்பாயி முகர்ந்து பார்த்து, "ஏம்மா, இதற்காகவா அத்தனை தூரம் போனாய்? புளித்த தண்ணீர் இங்கே கொப்பரைக் களத்தில் குடம் குடமாய்க் கிடக்கிறதே" என்றார்.

அப்பாயி நகைத்துக் கூறியதே சித்தி சொல்ல வந்த செய்தியாகவும் இருந்தது. கொப்பரைக்காகக் காயை உடைக்குங்கால் அதனுள்ளிருக்கும் நீர் தரையிலேயே கொட்டப்படுகின்றது. முற்றிய காய் ஒன்றில் ஏறத்தாழ 100 மில்லி நீர் இருக்கும். இளநீரைப் போல் அதற்குச் சுவையில்லை, ஆகவே வாங்குவாருமில்லை. களத்தின் ஓரத்தில் அது தேங்கிப் புளித்து, ஈ மொய்த்து நாறும். தென்னை தன் காலால் பருகிய நீரைத் தலையால் திருப்பித் தருவதை, ஔவையார் மூதுரையின் தொடக்கத்திலேயே நன்றிக்கு உவமையாக வைத்தார். அப்பாடலை மனப்பாடம் செய்து ஒப்பித்த யாம், மரம் திருப்பித் தந்த அந்நீரைக் களத்தில் மிதித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனோம்.

இந்நீரை இனிய உண்டியாக்கும் முறை பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து பரவியது. அங்கே அன்னாசிச் சாற்றைப் புளிக்க வைத்து இத்தகைய ஏட்டை எடுக்கும் வழக்கம் முன்னரே இருந்தது. தெயோதுலா கலாவ் ஆப்பிரிக்கா என்னும் வேதிநூற் புலமைவாய்ந்த அம்மையார், 1949-ஆம் ஆண்டில் அன்னாசிக்கு மாற்றாகத் தேங்காய் நீரைக் கொண்டு அதனைச் செய்யும் வழியை வகுத்தார். 1993-ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பானியர் இதனைப் பெருவிருப்புடன் உண்ணத் தொடங்கவே, பிலிப்பைன்ஸில் வீட்டுத் தொழிலாக இது பெருகிற்று. இவ்வேட்டை நெய்யும் நுண்ணுயிரையோ, 1886-ஆம் ஆண்டிலேயே ஏட்ரியன் பிரவுன் என்னும் ஆங்கில அறிஞர் காடியில் கண்டு எழுதிவைத்தார்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதன்முறை, அண்டைக் களத்துக்காரரிடம் கேட்டு நீர் வாங்கினோம். காசு கேட்பதற்கு மாறாக, "எடுத்துக்கொண்டு போனால் எனக்கு ஈத்தொல்லை குறையும்" என்றார் அவர். காய் உடைத்த அன்றே நீரை எடுத்தல் வேண்டும். துணியில் வடிகட்டி, லிட்டர் ஒன்றுக்கு 100 கிராம் சர்க்கரையும் 5 கிராம் அம்மோனியம் பாஸ்பேட்டும் இட்டுக் கொதிக்க வைத்தோம். இரண்டாவது பொருளின் பெயரைக் கேட்ட அப்பாயி, "தின்பண்டத்திற்கு உரம் போடுவதை இப்போதுதான் காண்கிறேன்" என்று வெறுத்துரைத்தார். உண்பொருளுக்கென்றே தூய்மை செய்து விற்கப்படும் வகை அது என்றும், நுண்ணுயிருக்கும் பயிரைப் போலத் தழைச்சத்து வேண்டும் என்றும், எஞ்சுவது பின்னர்க் கழுவலில் போய்விடும் என்றும் சித்தி விளக்கினார். நீர் நன்றாக ஆறிய பின்னர், காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டு, பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியாகத் தாய்நீரைச் சேர்த்தோம். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதைப் போன்றதே இது. சூடாறு முன் ஊற்றினால் உயிர் இறந்துபடும் என்பதும் இரண்டிற்கும் பொது. வெந்நீரில் கழுவிய அகன்ற தட்டங்களில் இரண்டு அங்குல உயரத்திற்கு ஊற்றி, வெளுத்த துணியால் மூடிக் கூடத்தின் மூலையில் வைத்தோம்.

அதன்பின் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. அவ்வொன்றுமில்லாமையே இத்தொழிலில் அரியது. இரண்டு வாரத்திற்கு மேல் தட்டத்தை அசைத்தல் ஆகாது. நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டுமாதலின் அவை நீரின் மேற்பரப்பிலேயே வாழ்ந்து, சர்க்கரையை உண்டு, கண்ணுக்குப் புலனாகாத இழைகளை வெளிவிடுகின்றன. கோடானுகோடி இழைகள் ஒன்றோடொன்று பின்னி, நீரைத் தம்முள் அடக்கிக்கொண்டு ஏடாகின்றன. புதிய இழை மேலே படியப் படியப் பழையது கீழே தாழ்ந்து ஏடு தடிக்கின்றது. இடையில் யாரேனும் அசைத்தால் ஏடு முழுகிப்போகும். அதன்மேல் வேறோர் ஏடு முதலிலிருந்து தொடங்கும்.

இவையெல்லாம் சித்தி சொல்லக் கேட்டும், யாமும் தங்கையும் பொறுத்திருந்தோமில்லை. நாள்தோறும் அந்தியில் துணியை நீக்கிப் பார்ப்பதும், விரலால் தட்டத்தின் விளிம்பைத் தட்டுவதுமாக இருந்தோம். பதினைந்தாம் நாள் திறந்தபொழுது, கடுதாசியைப்போல் மெலிந்த ஏடுகள் மூன்று நான்கு தனித்தனியே அமிழ்ந்து கிடந்தன. ஒரு தட்டத்தில் பச்சைப் பூஞ்சணமும் பூத்திருந்தது. சித்தி எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பூஞ்சணம் பிடித்ததைக் கொல்லையில் கொட்டிவிட்டு, "தண்ணீர் இனாம்தானே? போகட்டும்" என்றார்.

ஆனால் இரண்டாம் முறை நீர் இனாமன்று. அவ்வாரத்தில் எம் தோப்பின் புதிய மரங்கள் முதன்முதலாகப் பறிப்புக்கு வந்தன. இளமரங்கள் ஆதலால் எல்லாம் சேர்ந்து 42 காய்களே தேறின. எம் சபையில் அறுப்பின் பண்டிகை விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நிகழவிருந்தது. முதற்பலனை ஆலயத்தில் படைப்பது எம் குடும்ப வழக்கமாதலின், இரண்டு காய்களை மட்டையோடு ஒதுக்கி வைத்துவிட்டு, நாற்பதைக் கொப்பரைக்காகத் தந்தையார் உடைத்தார். அவற்றின் நீரைச் சித்தி ஒரு துளியும் சிந்தாமல் பாத்திரத்தில் பிடித்தார். நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. "இதுவும் வீணாகப் போகத்தான் போகிறது" என்று தந்தையார் மெல்லச் சொன்னார். அவர் நீரை மட்டுமா சொன்னார் என்பது எமக்கு ஐயமாக இருந்தது.

இம்முறை யாம் துணியைத் தொடவில்லை. தங்கை கூடத்தில் ஓடினால் அப்பாயியே அதட்டினார். இரவில் கடற்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாதிருக்க, தந்தையார் எழுந்துவந்து அதற்குக் கல் முட்டுக் கொடுத்துச் சென்றதை ஒரு நாள் பாயில் படுத்தவாறே கண்டோம். அவர் எம்மிடம் அதனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை.

அக்காத்திருப்பில் அப்பண்டத்தின் பெயரைப் பற்றி எண்ணமிட நேரம் வாய்த்தது. 'நாத்தா' என்பது ஸ்பானிய மொழிச் சொல். பிலிப்பைன்ஸ் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியர் ஆட்சியில் இருந்ததால் அங்கே நிலைத்தது. அதன் பொருள் பாலாடை. ஆகவே 'தெங்கின் ஆடை' என்று நாம் தமிழில் அழைத்தால் மூலத்தின் பொருளும் சிதையாது. இதனினும் வியப்பான பொருத்தம் ஒன்றுண்டு. அந்நுண்ணுயிர் நெய்யும் பொருள் செல்லுலோஸ். பருத்திப் பஞ்சின் நூற்றில் தொண்ணூறு பங்கும் அதுவே. நாம் உடுக்கும் ஆடையும், தட்டத்தில் படரும் இவ்வாடையும் ஒரே பொருளால் ஆனவை. பாலின்மேல் படர்வதையும் மேனிமேல் உடுப்பதையும் ஒரு சொல்லால் வழங்கிய நம் முன்னோர் வேதிநூல் கற்றவரல்லர். ஆயினும் அச்சொல் இவ்விடத்து இருபொருளாலும் பொருந்தி நிற்றல் தமிழ் பயிலும் எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

பதினேழாம் நாள் காலை சித்தி துணியை நீக்கினார். நீரைக் காணோம்; தட்டம் நிறைய, விளிம்பிலிருந்து விளிம்பு வரை, பால்போல் வெளுத்து விரற்கடை தடித்த ஒரே ஏடு இருந்தது. கையால் தூக்கினால் கிழியவில்லை. ஈரமான தோலைப்போல் வழுக்கிற்று. புளிப்பு நாற்றம் மூக்கைத் துளைத்தது. அடியில் எஞ்சிய நீரை அடுத்த முறைக்குத் தாய்நீராக எடுத்து வைத்துவிட்டு, ஏட்டைச் சிறு சதுரங்களாக அரிந்தோம். இரண்டு நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கழுவி, பிறகு புளிப்பு அறவே நீங்கும் வரை நீரை மாற்றிக் கொதிக்க வைத்தோம். இவ்விடத்தில் சோம்பினால் எல்லாம் கெடும். ஈற்றில் நன்னாரி வேரும் ஏலமும் இட்டுக் காய்ச்சிய பனங்கற்கண்டுப் பாகில் ஓர் இரவு ஊறவிட்டோம். நன்னாரி சேர்த்தது அப்பாயியின் யோசனை. வாழக்குளத்தார்க்கு அது தெரியாது.

மறுநாள் உச்சிவேளை, வெயில் மணலைக் கொளுத்திக்கொண்டிருக்கையில், பானைத் தண்ணீர் கலந்து கிண்ணங்களில் எடுத்தோம். பாகின் நிறம் ஏறித் துண்டுகள் தேன்நிறமாய்த் தோன்றின. கடித்தவுடன் நறுக்கென்ற ஓர் எதிர்ப்பு, பின் இழுவை, ஒவ்வொரு மெல்லலுக்கும் குளிர்ந்த நன்னாரிச் சாறு நாவில் ஊறும். அதில் நூற்றில் தொண்ணூறு பங்கிற்கு மேல் நீரே. நார் நம் வயிற்றில் செரியாது கழியும். ஆதலின் அதற்கெனத் தனிச்சுவை இல்லை. எதில் ஊறிற்றோ அதன் சுவையே அதன் சுவை. அப்பாயிக்கு முன்பற்கள் இல்லை. ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கி நெடுநேரம் மென்று, "நுங்குக்குப் பல் முளைத்தால் இப்படி இருக்கும்" என்று தீர்ப்புக் கூறினார். தந்தையார் வெளியிலிருந்து வந்தார். கிண்ணத்தை நீட்டினோம். நின்றவாறே ஒரு துண்டை மென்றார். பின் திண்ணையில் உட்கார்ந்து கிண்ணத்தை முடித்தார். "நம் தோப்புக் காயா?" என்று கேட்டார். "ஆம் அத்தான், அந்த நாற்பதும்தான்" என்றார் சித்தி. அவ்வளவே.

பண்டிகை நாளில் ஆலயத்தின் முன் நெல்லும், பூசணியும், கோழியும், கருவாடும் ஏலத்திற்கு நிரப்பப்பட்டிருந்தன. அவற்றிடையே எம் வீட்டுக் குப்பிகள் ஆறும் மட்டைத்தேங்காய் இரண்டும் இருந்தன. போதகர் ஐயா அன்றைய அருளுரையில், ஆண்டவர் ஐயாயிரவரை உண்பித்தபின் மிஞ்சிய துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொன்ன இடத்தை எடுத்துக்கொண்டார். எம் குப்பிகளைக் கண்டு எடுத்தாரோ, தற்செயலோ, அறியோம். உண்டபின் மிஞ்சியதை ஏன் சேர்க்கவேண்டும் என்று சிறுவயதில் யாம் ஐயுற்றதுண்டு. அவ்வளவு அற்புதம் செய்யவல்லவர்க்குத் துணிக்கைகள் எதற்கு? நாற்பது காயின் நீரைச் சிந்தாமல் பிடித்த சித்தியின் கைகளைக் கண்டபின் அவ்வையம் எழவில்லை.

குப்பிகள் நல்ல விலைக்குப் போயின. மட்டைத்தேங்காய்களை ஏலம் கூறியபொழுது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் விலையை ஏற்றிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் எம் தந்தையார். தம் காய்களைத் தாமே மும்மடங்கு விலைக்கு எடுத்தார். வீட்டிற்கு வந்ததும் அவற்றை அடுக்களைக்குக் கொடாமல், கிணற்றடியில் மணலைக் கிளறிப் பதித்தார். "கன்னிக் காயை விதைக்குப் போடுவார்களா, தம்பி? பழமரத்துக் காயல்லவா வேண்டும்?" என்றார் அப்பாயி. "தெரியும் அம்மா. முளைக்கிறதா பார்ப்போம்" என்றார் தந்தையார்.

இவ்வினிப்பு எம் தோப்பைக் காத்தது என்று எழுதினால் அது பொய்யாகும். சித்தியும் குழுவினர் எழுவரும் இப்பொழுது களத்து நீரைப் பெற்று வாரந்தோறும் தட்டங்கள் வைக்கின்றனர். உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்று, வேதாரணியத்துக் கடைகள் சிலவற்றில் விற்கின்றனர். வருவாய் கைச்செலவுக்குக் காணும். ஒரு தோப்பின் விலைக்கு ஈடாகாது. இறால் வளர்ப்பவர் இன்னும் வந்து போகின்றார். தந்தையார், "இந்த ஆண்டு வேண்டாம்" என்று மட்டும் கூறியிருக்கின்றார். அடுத்த ஆண்டு என்ன கூறுவார் என்பதை யாம் அறியோம்.

சென்ற ஐப்பசியில் தங்கை தொலைபேசியில் பேசினாள். தேர்வைப் பற்றியும், மழையைப் பற்றியும், காட்டுக்கு வந்திறங்கிய பறவைகளைப் பற்றியும் கூறிவிட்டு, வைக்குமுன் நினைவு வந்தவளாய், கிணற்றடிக் காய்களில் ஒன்று முளைவிட்டிருக்கிறது என்றாள். மற்றொன்று? அது முளைக்கவில்லை; ஆயினும் அப்பா அதனை எடுக்கவிடமாட்டேன் என்கிறார் என்றாள்.